முத்திரையும் கருவியும்: மியூட்மேத் முதல் இசைத்தொகுப்பும் தமிழ்க் கிறித்தவ இசையும் (விழுப்புரம் – திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து)

ஆய்வுச்சுருக்கம்

ஒரு பாடலைக் கிறித்தவப் பாடல் என அடையாளம் காட்டுவது அதன் சொல்லா, அதன் ஒலியா, சந்தை அதற்கு இடும் முத்திரையா என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைச் சேர்ந்த மியூட்மேத் குழுவின் முதல் முழுநீள இசைத்தொகுப்பு (2006) இவ்வினாவைச் சட்டவழக்கு வரை கொண்டுசென்றது. அத்தொகுப்பில் சிந்தசைசர் வகிக்கும் பங்கும், விழுப்புரம் – திண்டிவனம் வட்டாரத்தை உள்ளிட்ட தமிழகத் திருச்சபைகளில் மின்னணு விசைப்பலகை வகிக்கும் பங்கும் ஒத்தவை அல்ல. அங்கு அக்கருவி இசைவகையின் அடையாளம். இங்கு அது சாதி அடையாளத்திலிருந்து விலகி நிற்பதற்கான வழி. இவ்வேறுபாட்டைச் சிறுபாணாற்றுப்படை, வேதநாயகர் இருவரின் கீர்த்தனை மரபு, தியோபிலஸ் அப்பாவுவின் நாட்டுப்புற இசை வழிபாடு ஆகியவற்றின் துணையுடன் இக்கட்டுரை விளக்குகிறது.

கருச்சொற்கள்: கிறித்தவ இசை, சிந்தசைசர், விசைப்பலகை, பறை, மியூட்மேத், தியோபிலஸ் அப்பாவு, ஓய்மாநாடு, விழுப்புரம், திண்டிவனம்.

முன்னுரை

தொல்காப்பியம் கருப்பொருள்களை வரிசைப்படுத்துமிடத்தில் தெய்வத்தோடும் உணவோடும் பறையையும் யாழையும் சேர்த்து எண்ணுகிறது. ஒரு நிலத்தின் தெய்வம் எதுவோ அதற்குரிய பறையும் யாழும் உண்டு என்பது அதன் உட்கிடை. குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, பாலைக்குத் துடி என உரையாசிரியர்கள் இதனை விரித்துரைப்பர். இசைக்கருவி ஒலியை எழுப்பும் பொருளாக மட்டும் அங்குக் கருதப்படவில்லை. அது மக்களையும் தொழிலையும் வழிபாட்டையும் சுட்டும் குறியாகவும் இருந்தது. பின்னாளில் இக்குறி நிலத்திலிருந்து பெயர்ந்து சாதியின்மேல் படிந்தது. பறை என்னும் சொல் கருவியின் பெயராக மட்டும் நில்லாமல் ஒரு மக்கட்பிரிவின் மேல் சுமத்தப்பட்ட இழிவின் பெயராகவும் மாறிய வரலாறு தமிழாய்வாளர் நன்கறிந்தது.

சமகாலக் கிறித்தவ இசையை மதிப்பிடும் திறனாய்வு பெரும்பாலும் பாடலின் சொற்பொருளோடு நின்றுவிடுகிறது. திருமறைச் செய்தி எங்கு வெளிப்படுகிறது, உவமை எவ்வாறு அமைகிறது, யாப்பு எவ்வகையது என்பன ஆராயப்படுகின்றன. பாடலைத் தாங்கும் கருவி எது, அதனை வாசிப்பவர் யார், வாசிக்க மறுக்கப்பட்டவர் யார் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுகின்றன. இவ்வினாக்களை எழுப்புவதற்கு ஓர் அயல்நாட்டுத் தொகுப்பையும் ஓர் உள்ளூர் வட்டாரத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன்தரும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

மியூட்மேத்: முத்திரையை மறுத்த தொகுப்பு

மியூட்மேத் குழு 2000களின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்சில் உருவானது. பாடகரும் விசைக்கருவிக் கலைஞருமான பால் மீனி அதற்கு முன்னர் எர்த்சூட் என்னும் கிறித்தவ ராக் குழுவில் இருந்தவர். டேரன் கிங் டிரம்ஸ் வாசித்தார். கிரெக் ஹில் கிதாரும், ராய் மிட்செல்-கார்டனாஸ் பேஸ் கிதாரும் ஏற்றனர். 2004இல் 'ரீசெட்' என்னும் சிறு தொகுப்பு வெளிவந்தது. வார்னர் நிறுவனத்தின் கிறித்தவ இசைப் பிரிவான வேர்டு வழியாக அது விற்பனைக்குச் சென்றது. தங்களைக் கிறித்தவ இசைக்குழு என்னும் வகைக்குள் அடைத்து விற்பதைக் குழுவினர் ஏற்கவில்லை. கருத்து வேறுபாடு வழக்காக முற்றியது. 2006 ஜனவரியில் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் முழுநீளத் தொகுப்பைத் தாங்களே வெளியிட்டுத் தம் இசைநிகழ்ச்சிகளில் விற்றனர். பின்னர் உடன்பாடு ஏற்பட்டு, அதே ஆண்டு செப்டம்பர் 26 அன்று வார்னர் வழியாக அது பாடல் வரிசை மாற்றங்களுடன் மறுவெளியீடு கண்டது.

இத்தொகுப்பில் சிந்தசைசர் பாடலுக்கு மேற்பூச்சாக அமையவில்லை. அதன் அடித்தளமாக அமைகிறது. மின்பியானோவின் நீண்ட அதிர்வும் பதப்படுத்தப்பட்ட மின்னணு ஒலிப்பரப்பும் முதலில் ஓர் இடவெளியை உருவாக்குகின்றன. டிரம்ஸ் அந்த வெளியை உடைத்துக்கொண்டு நுழைகிறது. 'கொலாப்ஸ்', 'ரீசெட்' ஆகியவை சொற்களே இல்லாத கருவியிசை ஆக்கங்கள். நம்பிக்கையைப் பேச வந்த குழு என்று கேட்போர் எதிர்பார்க்கும் இடத்தில் சொல்லை விலக்கிவிட்டு ஒலியை மட்டும் நிறுத்துவது ஒரு துணிந்த முடிவு. 'கேயாஸ்' பாடல் குழப்பத்தின் நடுவே நிலையான ஒன்றைப் பற்றிக்கொள்வதைப் பேசுகிறது. 'யூ ஆர் மைன்' பாடலில் விளிக்கப்படும் முன்னிலை மானிடக் காதலருக்குரியதா இறைவனுக்குரியதா என்பது முடிவாகச் சொல்லப்படவில்லை.

இந்த ஈரடித்தன்மை தமிழ் வாசகர்க்குப் புதிதன்று. மாணிக்கவாசகரின் திருக்கோவையார் 400 பாடல்களும் அகத்துறைக் கோவையாகவும் இறைநூலாகவும் ஒருங்கே படிக்கப்பட்டு வருகின்றன. அகத்தின் தலைவனைப் பக்தியின் தலைவனாக்கிக் கொண்ட மரபு நம்முடையது. அம்மரபில் ஈரடித்தன்மை நூலுக்குப் பெருமை சேர்த்தது. மியூட்மேத்துக்கு அது வணிகச் சிக்கலாயிற்று. கிறித்தவ இசைக்கென்று தனி விற்பனை அடுக்கும் தனித் தரவரிசையும் தனி வானொலியும் தனி விருதும் கொண்ட ஒரு சந்தையில், இறைவன் பெயரை வெளிப்படச் சொல்லாத பாடல் எந்த அடுக்கில் வைக்கப்படும் என்பது வருவாயைத் தீர்மானிக்கும் வினா.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. அவ்வழக்கின் வேர் முத்திரை பற்றியது. குழு பயன்படுத்திய கருவிகளின்மேல் அங்கு எந்த இழிவும் படிந்திருக்கவில்லை. சிந்தசைசர் வாசித்ததால் பால் மீனியைக் கோயிலில் எந்த வரிசையில் அமர்த்துவது என்னும் வினா எழாது. கருவி அங்கு இசைவகையைச் சுட்டுகிறது, பிறப்பைச் சுட்டுவதில்லை.

இரண்டு வேதநாயகர்

முத்திரைச் சிக்கல் தமிழிலும் முன்னரே எழுந்ததுண்டு. மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர். அவருடைய சர்வ சமய சமரசக் கீர்த்தனை (1878) எந்தச் சமயத்தாரும் பாடத்தக்க பொதுமைச் சொற்களால் அமைந்தது. அதனால் அவருடைய பாடல்கள் சமய எல்லையைக் கடந்து இசை அரங்குகளுக்கும் சென்றன. முத்திரையைத் தவிர்த்த பாடல் பரந்த அவையைப் பெற்றது என்பதற்கு இது தக்க சான்று. மியூட்மேத் வழக்காடிப் பெற விரும்பியதை வேதநாயகம் பிள்ளை சொல்லாட்சியாலேயே பெற்றார்.

மற்றவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). பெத்லகேம் குறவஞ்சி இயற்றியவர், சுவார்ட்சின் மாணவர். தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபைகளில் பாடப்படும் கீர்த்தனை மரபின் பெருந்தூண். 1820களின் இறுதியில் தஞ்சையில் புதிதாக வந்த மிஷனரிமாரோடு அவருக்குப் பெரும் பூசல் மூண்டது. திருவிருந்தில் சாதி வேறுபாடின்றி அனைவரும் கலந்து பங்குபெற வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினர். கோயில் வழிபாட்டில் தமிழ்ப் பாடல்கள் பாடப்படுவதையும் தடுத்தனர். சாஸ்திரியார் இவ்விரண்டையும் கொடுமைகள் எனக் கண்டித்து எழுதினார்.

இந்த நிகழ்ச்சி தமிழ்க் கிறித்தவ இசை வரலாற்றில் ஒரு முடிச்சு. தமிழிசைக்கான உரிமைக் குரலும் சாதி வரிசைக்கான உரிமைக் குரலும் ஒரே எழுத்தில், ஒரே மூச்சில் வெளிப்பட்டன. கீர்த்தனை தமிழுக்குரியது என்பதில் ஐயமில்லை. எந்தத் தமிழர்க்குரியது என்னும் வினா அதனுள் அடங்கிக் கிடந்தது. பிற்காலத்தில் 1853இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் சாஸ்திரியாரின் பாடல்களை உள்ளிட்ட கீர்த்தனைத் தொகுதியை வெளியிட்டபோது அம்மரபு திருச்சபைகளில் உறுதிபெற்றது. கேள்வி அடங்கியே இருந்தது.

ஓய்மாநாட்டின் பாணனும் இன்றைய வட்டாரமும்

இன்றைய திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில், சங்ககாலத்து ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் தலைநகர். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளில் இவ்வட்டாரத்தின் நெய்தலையும் முல்லையையும் மருதத்தையும் கடந்து செல்கிறது. அந்நூலில் வழிப்படுத்தப்படும் கலைஞனுக்குக் கருவியே பெயர். சீறியாழ் ஏந்தியவன் சிறுபாணன். அவன் வீட்டு வறுமையை நத்தத்தனார் காட்டும் இடம் மறக்கவியலாதது. அடுக்களையில் ஈன்ற நாய். குப்பையில் பறித்த கீரையை உப்பின்றி வேகவைத்து, பிறர் காணாதபடி வாயிற்கதவை அடைத்து உண்ணும் குடும்பம். வள்ளலை நோக்கிச் செல்லும் வழியெங்கும் அந்தந்த நிலத்து மக்கள் தம் உணவை அவர்களோடு பகிர்கின்றனர். கதவடைத்து உண்டவர்கள் கதவு திறந்த ஊர்களில் உண்ணுகின்றனர் என்பதே அந்நூலின் பயணம் எனலாம்.

இதே நிலப்பரப்பில் கிறித்தவம் பல வழிகளில் வேரூன்றியது. ஸ்கடர் குடும்பத்தார் 1853இல் நிறுவிய அமெரிக்க ஆர்க்காடு மிஷன் திண்டிவனத்தைத் தன் நிலையங்களுள் ஒன்றாகக் கொண்டது. அங்குள்ள வால்டர் ஸ்கடர் மேல்நிலைப்பள்ளி அதன் நினைவைத் தாங்கி நிற்கிறது. தென்னார்க்காட்டின் பிற பகுதிகளில் டேனிஷ் மிஷனின் பணி ஆர்க்காடு லுத்தரன் திருச்சபையாக வளர்ந்தது. புதுவை – கடலூர் உயர்மறைமாவட்டம் விழுப்புரத்தின் கத்தோலிக்கப் பங்குகளை உள்ளடக்கியது. இவற்றோடு பெந்தெகொஸ்தே சபைகளும் பிற்காலத்தில் பெருகின.

1993இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து உருவான விழுப்புரம் மாவட்டத்தின் கிறித்தவ வரலாற்றில் சாதி ஓர் ஓரச்செய்தி அன்று. 2008 மார்ச்சில், அன்று இம்மாவட்டத்தைச் சேர்ந்திருந்த எறையூரில், கோயில் வழிபாட்டில் பாகுபாடு காட்டப்படுவதாகக் கூறித் தலித் கிறித்தவர்கள் தனிப்பங்கு கோரியதைத் தொடர்ந்து அவர்களுக்கும் வன்னியர் கிறித்தவர்களுக்கும் மோதல் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். ஒரே திருமறை, ஒரே திருவிருந்து, ஒரே பாடற்புத்தகம். இவை அனைத்தும் ஒன்றாக இருந்தும் ஊர் இரண்டாக இருந்தது. எனவே இவ்வட்டாரத்தில் எந்தக் கருவி வழிபாட்டிடத்திற்குள் நுழைகிறது என்பதை வெறும் இசைச்சுவை சார்ந்த செய்தியாகக் கொள்ள இயலாது.

அப்பாவுவின் விடை

இவ்வினாவை நேர்நின்று எதிர்கொண்டவர் ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு (1940–2005). மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றியவர். 'பரட்டை' என்னும் பெயரால் அறியப்பட்டவர். மேலை ஞானப்பாட்டு, கருநாடக இசை சார்ந்த கீர்த்தனை ஆகிய இரண்டும் ஒடுக்கப்பட்ட மக்களைத் தம் சொந்த ஒலியிலிருந்து பிரிக்கின்றன என்பது அவர் கண்ட முடிவு. பறை முதலிய கருவிகளும் நாட்டுப்புற மெட்டும் பேச்சுவழக்குத் தமிழும் கொண்டு அவர் அமைத்த 'கிராமிய இசை வழிபாடு' தலித் விடுதலை இறையியலின் இசைவடிவமாக மதிக்கப்படுகிறது. அமெரிக்க இசையியல் அறிஞர் சோயி ஷெரினியன் இதனை விரிவாக ஆராய்ந்து 2014இல் நூலாக வெளியிட்டுள்ளார்.

அப்பாவுவின் கொள்கையில் இரண்டு கூறுகள் இங்கு முதன்மையானவை. முதலாவது, மறுபடைப்பு. நாட்டுப்புறப் பாடலை எவரும் தம் தேவைக்கேற்பக் கூட்டலாம், குறைக்கலாம், மாற்றலாம். எனவே அது பாடுவோர் கையிலேயே இருக்கும் ஊடகம். இரண்டாவது, 'ஒரே உலை' என்னும் கருத்து. ஒரே உலையில் பொங்கியதை எல்லோரும் உண்ணும் குடும்பமே அவர் கண்ட இறையாட்சி. திருவிருந்தைச் சடங்காக மட்டும் கொள்ளாமல் சாதி கடந்த உணவுப் பகிர்வாகக் கொள்ளும் பார்வை இது. தஞ்சையில் சாஸ்திரியார் மறுத்த கலந்துண்ணலையும் அவர் காத்த தமிழிசையையும் அப்பாவு ஒன்றோடொன்று இணைத்தார் எனலாம். தமிழிசை வேண்டும், அதுவே கலந்துண்ணும் இசையாகவும் இருக்கவேண்டும் என்பது அவர் விடை. கதவடைத்து உண்ட பாணன் குடும்பத்தின் துயருக்கும் இவ்விடைக்கும் உள்ள உறவு தொலைவானதன்று.

விசைப்பலகை ஏன் வென்றது?

ஆயினும் தமிழகத் திருச்சபைகளின் பொதுநிலையை நோக்கினால், பறையைக் காட்டிலும் மின்னணு விசைப்பலகையே பரவலாக இடம்பெற்றுள்ளது. அதனோடு ரிதம் பேடும் கிதாரும் சேர்ந்த அமைப்பு சிற்றூர்ச் சபை வரை எட்டியுள்ளது. இதற்குக் காரணங்கள் பல. 'புன்னகை மன்னன்' (1986), 'ரோஜா' (1992) காலம் தொட்டுத் திரையிசை மின்னணு ஒலியைப் பொதுச்செவிக்குப் பழக்கியது. ஒலிநாடா வழியாகப் பரவிய நற்செய்திப் பாடல்கள் மெல்லிசை வடிவத்தை வழிபாட்டிற்குள் கொணர்ந்தன; பெர்க்மான்சின் 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' தொகுதிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆர்கன் வாங்க இயலாத சபைக்கும் விசைப்பலகை எட்டும் விலையில் கிடைத்தது.

இவற்றினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. விசைப்பலகைக்குச் சாதி இல்லை. மரக்கட்டையும் தோலும் கொண்ட கருவியைத் தொடுவது யார் என்பதை ஊர் வகுத்துவைத்திருந்தது. நெகிழியும் மின்சுற்றும் கொண்ட கருவியைப் பற்றி ஊருக்கு முன்வழக்கு எதுவும் இல்லை. சாவுக்கும் ஊர்த்திருவிழாவுக்கும் பறையடிக்கும் கட்டாயத்தை மறுத்தது வடதமிழகத் தலித் மக்களின் தன்மதிப்புப் போராட்டத்தில் ஒரு முக்கியப் படி. பறையைக் கீழே வைத்த தந்தையின் மகன் அல்லது மகள் விசைப்பலகையின் முன் அமர்வதில், இழிவுக்குறியை உதறிய ஒருவரின் நிமிர்வு இருக்கிறது. இதனை மேலைமோகம் என்றோ மரபிழப்பு என்றோ எளிதில் ஒதுக்கும் திறனாய்வு, அப்பாவுவின் சொற்களைக் கடன்வாங்கி அவர் நோக்கத்தைக் கைவிடுவதாகும்.

மறுபுறமும் சொல்லப்படவேண்டும். விசைப்பலகை இழிவை நீக்குவதில்லை. அதனைக் கேட்கவிடாமல் செய்கிறது. இந்தியச் சந்தைக்கென உருவாக்கப்பட்ட மாதிரிகளில் தபேலா, டோலக் முதலிய தாளங்கள் பொத்தான்களுள் அடைக்கப்பட்டுள்ளன. நாட்டுப்புறத் தாளமும் இவ்வாறே பதிவுசெய்த ஒலித்துணுக்காகக் கோயிலுக்குள் வரக்கூடும். கலைஞன் வெளியே நிற்க, அவன் அடி மட்டும் உள்ளே ஒலிக்கும். கருவியை வாசிப்பவரைத் தவிர்த்து ஒலியை மட்டும் ஏற்கும் இந்நிலை, உழைப்பை ஏற்று உழைப்பவரை விலக்கும் பழைய வழக்கத்தின் புதிய வடிவமாகிவிடும் அபாயம் உண்டு. மேலும், பதிவான தாளம் மாறாது. கூடிப் பாடுவோரின் மூச்சுக்கேற்ப விரைவதும் தளர்வதும் அதனால் இயலாது. அப்பாவு வற்புறுத்திய மறுபடைப்புக்கு அங்கு இடம் சுருங்குகிறது.

ஒப்பீடும் மதிப்பீடும்

இப்பின்னணியில் மியூட்மேத் தொகுப்பை மீண்டும் கேட்கும்போது அதன் வலிமையும் எல்லையும் தெளிவாகின்றன. மின்னணு ஒலியை மாறாத பதிவாக விட்டுவிடாமல், மேடையில் கையாலும் உடலாலும் கிளர்த்தும் உயிர்ப்பொருளாக அக்குழு நடத்தியது. பால் மீனி தோளில் மாட்டும் விசைக்கருவியோடு மேடையில் இயங்குபவர். டேரன் கிங்கின் டிரம்ஸ் பதிவுத்தாளத்தின் ஒழுங்கை ஓயாது சீண்டுகிறது. 'டிபிகல்' பாடல் வழக்கமான வட்டத்துள் அடங்க மறுக்கும் குரல். அதன் காணொளியைக் குழுவினர் பின்னோக்கிய வரிசையில் வாசித்துப் பழகி நடித்தனர். அது கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கருவி ஆளை விழுங்காமல் ஆள் கருவியை ஆளும் இந்த முறைமை, விசைப்பலகையின் ஆயத்தத் தாளத்தில் தங்கிவிட்ட நம் சபைக்குழுக்கள் கற்கத்தக்கது.

எல்லை வேறிடத்தில் உள்ளது. இத்தொகுப்பின் ஒலிப்பரப்பை மீளப் படைக்கப் பதிவகமும் பயிற்சியும் முதலீடும் தேவை. கேட்போர் அவையோராகவே இருப்பர்; பாடலை மாற்றிக்கொள்ளும் உரிமை அவர்க்கில்லை. முத்திரையிலிருந்து விடுதலை கோரிய குழு, பாடலின் உரிமையைக் கேட்போரோடு பகிரும் வினாவுக்குள் நுழையவில்லை. அந்த வினா அதன் சூழலில் எழவும் இல்லை.

அப்பாவுவின் வழிபாட்டிசைக்கும் எல்லை உண்டு. பெற்றோர் உதறிய கருவியைப் பிள்ளைகள் பெருமையுடன் எடுக்கவேண்டும் என்னும் அழைப்பு, எடுக்க மறுக்கும் உரிமையையும் மதிக்கவேண்டும். பறையைத் தலித் மக்கள் மட்டும் அடிக்க, பிறர் ரசிக்கும் வழிபாடு பழைய பணிப்பிரிவை மேடையேற்றுவதாகவே முடியும். பிற சாதிக் கிறித்தவரும் அக்கருவியைத் தோளில் ஏற்றும்போதே அதன் மேலிருந்த குறி அழியத் தொடங்கும். ஒரே உலைக் கொள்கையின் தருக்கமுடிவு இதுவே.

முடிவுரை

முத்திரை, கருவி என்னும் இரண்டு குறிகளின் வழியே கிறித்தவப் பாடல் எவ்வாறு அடையாளம் பெறுகிறது என்பதை மேற்கண்ட ஒப்பீடு காட்டுகிறது. அமெரிக்கச் சூழலில் முத்திரையே சிக்கல், கருவி பொதுமையானது. தமிழ்ச்சூழலில் கருவியே சிக்கல்; விசைப்பலகையின் பொதுமை என்பது பறையின் தனிமையிலிருந்து பிறந்தது. ஆகவே சிந்தசைசர் ஒலி கேட்டவுடன் அதனை மேலைப்போலி என வகைப்படுத்தும் பழக்கத்தைத் தமிழ் இசைத்திறனாய்வு கைவிடவேண்டும். நாட்டுப்புற ஒலி கேட்டவுடன் அதனை விடுதலை இசை என வகைப்படுத்தும் பழக்கத்தையும் உடன் கைவிடவேண்டும்.

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஓர் இளங்குழு தன் முதல் தொகுப்பை வெளியிடுமானால், அதனை மதிப்பிட மூன்று வினாக்கள் போதுமானவை. கருவிகளை வாசிப்பவர் யார்? பாடலைக் கூடிப் பாடுவோர் அதனை மாற்றிக்கொள்ள இடமுண்டா? பாடி முடித்தபின் அவர்கள் யாரோடு அமர்ந்து உண்கின்றனர்? முதல் இரண்டு வினாக்களும் இசையியலுக்கு உட்பட்டவை. மூன்றாவது அதற்குப் புறம்பானதாகத் தோன்றலாம். தெய்வத்தையும் உணவையும் பறையையும் யாழையும் ஒரே வரிசையில் எண்ணிய இலக்கணத்தைப் பயில்வோர்க்கு அது புறம்பானது அன்று.